'ஓடவே மாட்டாப்ல, அவரை எதுக்குடா எடுக்குற?' - 35 வயது வீரருக்கு 300 கோடி கொடுத்த டீம் சொல்லும் பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்னத்தூர் பக்கம் ஏதாவது ஒரு கிரவுண்டில் போய் நின்று பாருங்கள். வாரம் ஆறு நாளும் கம்பெனி வண்டி ஏறித் திருப்பூருக்குப் போகிற பசங்க, அன்றைக்கு மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு நிற்பார்கள். வாலிபாலோ, கபடியோ, கிரிக்கெட்டோ... டீம் பிரிக்கும்போது ஒரு சண்டை கண்டிப்பாக வரும்.

"அந்தண்ணன எதுக்குடா எடுக்கற? ஓடவே மாட்டாப்ல!"

அந்த அண்ணனுக்கு நாற்பது வயது தாண்டியிருக்கும். லேசாகத் தொப்பை, ஒரு முழங்காலில் க்ரீப் பேண்டேஜ். ஆனாலும், விவரம் தெரிந்த கேப்டன் முதலில் அவரைத்தான் தன் பக்கம் இழுப்பார். இந்த அண்ணன் இல்லாத ஊரே தமிழ்நாட்டில் கிடையாது.

இதே சண்டை அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகிலும் ஒவ்வொரு சீசனும் நடக்கும். அங்கே அந்த அண்ணனுக்கு 'வெட்டரன் பாயின்ட் கார்டு' என்று பெயர். சம்பளம் மட்டும் கொஞ்சம் அதிகம். 2020 நவம்பரில் ஃபீனிக்ஸ் சன்ஸ் என்கிற அணி, 35 வயதான கிறிஸ் பாலை வாங்கியது. அந்த சீசனுக்கு மட்டும் அவர் சம்பளம் 4 கோடியே 14 லட்சம் டாலர். நம்ம காசில் சுமார் 300 கோடி ரூபாய்!

35 வயதில், ஆறடி உயரம் மட்டுமே இருக்கிற, அடிக்கடி காயம் படுகிற ஒருவருக்கு இவ்வளவு காசா? அவரிடம் அப்படி எதைத்தான் வாங்கினார்கள்? பார்ப்போம்.

முதலில், பாயின்ட் கார்டுன்னா யாரு?

கூடைப்பந்தில் ஒரு அணிக்குக் களத்தில் ஐந்து பேர். அதில் பந்தைக் கீழிருந்து மேலே கொண்டுவந்து, யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் பாயின்ட் கார்டு. வாலிபால் பார்த்தவர்களுக்கு ஈஸியாகச் சொன்னால், செட்டர் மாதிரி. கைத்தட்டல் ஸ்மாஷ் அடிக்கிறவருக்குப் போகும். ஆனால், எந்தப் பக்கம், எந்த உயரத்தில், யாருக்குத் தூக்கிக் கொடுப்பது என்று முடிவு செய்கிறவர் செட்டர்தான்.

பாயின்ட் கார்டுக்கு இன்னொரு நெருக்கடி உண்டு, கடிகாரம். பந்து கைக்கு வந்த 8 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்த 24 விநாடிக்குள் எதிரணி எப்படி நிற்கிறது, நம் ஆளில் யார் சூடாக இருக்கிறார், யார் சோர்ந்துவிட்டார், எதிரில் யார் உயரம் குறைவு என்று எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் ஏறத்தாழ நூறு தடவை இது நடக்கும்.

ஒரு பனியன் கம்பெனியின் கட்டிங் டேபிளை நினைத்துப் பாருங்கள். தையலில் தப்பு நடந்தால் ஒரு பீஸ் போகும், பிரித்துத் தைக்கலாம். அடுக்கடுக்காகத் துணியை விரித்து வைத்து வெட்டும்போது தப்பு நடந்தால், அந்த அடுக்கு முழுக்கப் போச்சு. அதனால்தான் கட்டிங் மாஸ்டர் எவ்வளவு வேகமாக வெட்டுகிறார் என்று முதலாளி பார்ப்பதில்லை. எவ்வளவு துணி வேஸ்ட் ஆகாமல் வெட்டுகிறார் என்றுதான் பார்ப்பார்.

கூடைப்பந்தில் அந்த வேஸ்டேஜுக்குப் பெயர் 'டர்ன்ஓவர்'. எறியாமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பது. என்.பி.ஏ.வில் பந்து கையில் இருக்கிற ஒவ்வொரு வாய்ப்புக்கும் சராசரியாக ஒரு புள்ளிக்குச் சற்று மேலே கிடைக்கும். ஆக, ஒரு ஆட்டத்தில் நான்கு டர்ன்ஓவரைக் குறைத்தாலே நான்கு புள்ளி லாபம். பல ஆட்டங்கள் அதற்கும் குறைவான வித்தியாசத்தில்தான் முடிகின்றன.

வயசு எதை எடுத்துக்கும், எதை விட்டுட்டுப் போகும்?

முப்பதைத் தாண்டியதும் உடம்பு முதலில் எடுத்துக்கொள்வது வெடிப்பான வேகத்தை. நின்ற இடத்திலிருந்து சட்டென்று பாய்வது, எகிறிக் குதிப்பது, ஓடிக்கொண்டே திசை மாறுவது எல்லாம் குறையும். அதைவிடப் பெரிய பிரச்னை, உடம்பு தேறி வருகிற நேரம். இன்றைக்கு ஆடிய களைப்பு நாளைக்கே போய்விடும் என்பது இருபது வயதின் வசதி. முப்பத்தைந்தில் அது மூன்றாவது நாளும் கூடவே வரும். 82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால், வயசு எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துக்கொள்வதில்லை. பந்தைக் கையில் பிடிக்கிற பக்குவம், ஷாட்டின் துல்லியம், எதிராளியின் இடுப்பு திரும்புவதைப் பார்த்தே அடுத்து எங்கே போவான் என்று கணிப்பது... இதெல்லாம் ரொம்பக் காலம் நிற்கும். சில பேருக்குக் கூடவும் செய்யும். ஏனென்றால், ஆயிரம் ஆட்டம் ஆடியவர் புதிதாகப் பார்க்கிற காட்சி என்று எதுவும் இருக்காது. எல்லாம் எங்கேயோ ஏற்கெனவே பார்த்ததுதான்.

அதனால்தான் எகிறிக் குதித்தே பிழைக்கிற வீரர்கள் முப்பத்திரண்டில் தடுமாறும்போது, பாயின்ட் கார்டுகள் சிலர் முப்பத்தெட்டிலும் ஆடுகிறார்கள். எதிராளியைவிட அரை விநாடி மெதுவாக ஓடினாலும், ஒரு விநாடி முன்னாடியே கிளம்பிவிடுவார்கள்.

சரி, இந்தத் தியரி நிஜத்தில் வேலை செய்ததா?

ஃபீனிக்ஸ் போட்ட கணக்கு

2020-ல் ஃபீனிக்ஸ் அணியின் நிலைமை பரிதாபம். தொடர்ந்து பத்து சீசன் பிளேஆஃப் பக்கமே போகவில்லை. திறமைக்குப் பஞ்சமில்லை. டெவின் புக்கர் என்ற 24 வயது ஸ்கோரர், 2018 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட டியாண்ட்ரே எய்டன், மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன் என்று எல்லோரும் இளம் பசங்க. கடைசி ஓவரில் என்ன செய்வது என்று தெரியாத டி20 டீம் மாதிரி, நன்றாக ஆடுவார்கள், ஆட்டத்தை முடிக்கத் தெரியாது.

அந்த நேரத்தில் கிறிஸ் பால், ஓக்லஹோமா சிட்டியில் இருந்தார். 2019-ல் ஹூஸ்டன் அணி அவரை அங்கே அனுப்பியபோது, அவருடைய ஒப்பந்தம் லீகிலேயே மோசமான ஒப்பந்தங்களில் ஒன்று என்று பேசினார்கள். அடுத்த இரண்டு சீசனுக்குச் சேர்த்து எட்டரைக் கோடி டாலருக்கும் மேல் பாக்கி. வயசு வேறு ஏறிக்கொண்டே போகிறது. யார் வாங்குவார்கள்?

ஃபீனிக்ஸ் வாங்கியது. நான்கு வீரர்களையும், 2022-க்கான முதல் ரவுண்ட் டிராஃப்ட் வாய்ப்பு ஒன்றையும் கொடுத்து அவரை எடுத்தது.

பைத்தியக்காரத்தனமாகத் தெரிகிறதா? உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. என்.பி.ஏ.வில் ஒரு அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வரம்பு உண்டு. டிராஃப்டில் வருகிற இளம் வீரர்களுக்கு முதல் சில வருஷம் சம்பளம் குறைவு. எய்டன், பிரிட்ஜஸ், ஜான்சன் மூவருமே அப்போது அந்தக் குறைந்த சம்பளத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்குப் பெரிய சம்பளம் கொடுக்க வேண்டிய காலம் வருவதற்குள், மிச்சம் இருக்கிற இடத்தில் ஒரு காஸ்ட்லியான மூத்த ஆளை உட்கார வைத்துவிடலாம். ஜன்னல் திறந்திருக்கிற அந்த இரண்டு மூன்று வருஷத்துக்கான பந்தயம்தான் இது.

இன்னொரு விஷயமும் இருந்தது. ஃபீனிக்ஸ் பயிற்சியாளர் மான்டி வில்லியம்ஸ், 2010-11 சீசனில் நியூ ஆர்லியன்ஸில் கிறிஸ் பாலுக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ஆளின் குணம் தெரியும். பிராக்டிஸில் கூட விட்டுக் கொடுக்க மாட்டார், தப்பு செய்தால் முகத்துக்கு நேராகவே சொல்வார். தெரிந்துதான் கூப்பிட்டார்கள்.

பலன் உடனே தெரிந்தது. கொரோனாவால் 72 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட 2020-21 சீசனில், ஃபீனிக்ஸ் 51 ஆட்டம் ஜெயித்து மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்தது. முந்தைய சீசனில் ஜெயித்தது 34. 'காயப்படுவார்' என்று எல்லோரும் பயந்த கிறிஸ் பால் 70 ஆட்டங்களில் ஆடினார். சராசரி 16.4 புள்ளி, 8.9 அசிஸ்ட். இழந்த பந்துகளோ ஆட்டத்துக்கு இரண்டு சொச்சம்தான். அதாவது ஒரு பந்தை வேஸ்ட் செய்வதற்குள் நான்கு பேரைக் கூடை போட வைத்தார்.

அவரைவிட முக்கியம், மற்றவர்களுக்கு என்ன ஆனது என்பது. அதுவரை பந்தைக் கொண்டுவருவது, எறிவது என்று இரண்டு வேலையையும் சுமந்த புக்கர், எறிகிற வேலையில் மட்டும் கவனம் வைத்தார். உயரமான எய்டனுக்குச் சரியான இடத்தில், சரியான நேரத்தில் பந்து வந்தது. 2021 பிளேஆஃபில் எய்டன் எறிந்ததில் 65 சதவிகிதத்துக்கு மேல் கூடையில் விழுந்தது. அதே கை, அதே உயரம்தான். பந்து வந்து சேர்ந்த இடம் மட்டும் மாறியிருந்தது.

மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில், தன் பழைய அணியான லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்கு எதிராக 6-வது ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார் கிறிஸ் பால். அந்த ஆட்டத்தில் அவர் இழந்த பந்துகளின் எண்ணிக்கை, பூஜ்யம். 1993-க்குப் பிறகு ஃபீனிக்ஸ் முதல் முறையாக என்.பி.ஏ. ஃபைனலுக்குப் போனது.

சினிமாவாக இருந்தால் இங்கே கோப்பையைத் தூக்கியிருப்பார். நிஜத்தில், மில்வாக்கிக்கு எதிராக 2-0 என முன்னிலையில் இருந்து, அடுத்த நான்கு ஆட்டங்களையும் தோற்றார்கள். வேஸ்டேஜே இல்லாதவர் என்று பெயரெடுத்த கிறிஸ் பால், 4-வது ஆட்டத்தில் 5 முறை பந்தை இழந்தார். அடுத்த சீசனில் ஃபீனிக்ஸ் 64 ஆட்டம் ஜெயித்து, அணியின் வரலாற்றிலேயே சிறந்த சாதனையைச் செய்தது. 36 வயதில் லீகிலேயே அதிக அசிஸ்ட் சராசரி கிறிஸ் பாலுடையதுதான். ஆனால், அந்த முறை இரண்டாவது சுற்றிலேயே டல்லாஸிடம் தோற்று வெளியேறினார்கள்.

கோப்பை கிடைக்கவில்லை. ஆனால், பத்து வருஷம் வாசலில் நின்ற அணி வீட்டுக்குள் வந்துவிட்டது. 300 கோடி எதற்கு என்ற கேள்விக்கு ஃபீனிக்ஸின் பதில் இதுதான்.

திட்டு வாங்கிய டல்லாஸ், ஜெயித்த டல்லாஸ்

இதற்கு முன்னாடியே இந்தப் பந்தயத்தைக் கட்டியது டல்லாஸ் மேவரிக்ஸ். 2008 பிப்ரவரியில், 35-ஐத் தொடப்போகிற ஜேசன் கிட்டை எடுத்தார்கள். விலை ரொம்ப அதிகம். 24 வயது டெவின் ஹாரிஸும் இரண்டு முதல் ரவுண்ட் டிராஃப்ட் வாய்ப்புகளும் அதில் அடக்கம்.

அந்த சீசன் பிளேஆஃபில் முதல் சுற்றிலேயே 4-1 என அவுட். தோற்கடித்தது யார் தெரியுமா? நியூ ஆர்லியன்ஸ் அணியின் 22 வயது பாயின்ட் கார்டு ஒருவர். பெயர், கிறிஸ் பால்! அடுத்த வருஷம், கொடுத்தனுப்பிய ஹாரிஸ் ஆல்-ஸ்டார் ஆகிவிட்டார். 'கிழவனுக்காகப் பையனை வித்துட்டாங்க' என்று டல்லாஸைத் திட்டித் தீர்த்தார்கள்.

ஜேசன் கிட் சத்தமில்லாமல் ஒரு வேலை செய்தார். இளமையில் அவருக்குத் தூரத்து ஷாட் வராது. அதுதான் அவருடைய பலவீனம். ஓட்டம் குறையக் குறைய, அந்த மூன்று புள்ளி ஷாட்டைப் பழகி, தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டார். 2011-ல் மியாமியை 4-2 என வீழ்த்தி டல்லாஸ் சாம்பியன் ஆனபோது, ஜேசன் கிட்டுக்கு வயது 38. அந்த சீசனில் அவர் எடுத்த சராசரி வெறும் 7.9 புள்ளி. கொடுத்த அசிஸ்ட் 8.2.

மூத்த வீரரை வாங்கினால் உடனே பலன் வரும் என்பதுதான் பொதுவான நம்பிக்கை. டல்லாஸ் மூன்று வருஷம் காத்திருந்தது.

லேக்கர்ஸ் வாங்கிய அடி

இதைப் படித்துவிட்டு, 'அப்போ வயசானவங்கள எடுத்தா ஜெயிச்சிடலாம்' என்று கிளம்பிவிடாதீர்கள்.

2012 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ், ஸ்டீவ் நாஷை எடுத்தது. இரண்டு முறை எம்.வி.பி. விருது வாங்கியவர், வயது 38. கோபி பிரையன்ட், டுவைட் ஹோவர்டு, கூடவே நாஷ். அந்த வருஷக் கோப்பை அவர்களுக்குத்தான் என்று எழுதாத பத்திரிகை குறைவு. சீசனின் இரண்டாவது ஆட்டத்திலேயே, எதிரணி வீரருடன் மோதியதில் நாஷின் காலில் எலும்பு முறிவு. அங்கிருந்து நரம்புப் பிரச்னை, முதுகுவலி என்று தொடர்ந்தது. முதல் சீசனில் 50 ஆட்டம், இரண்டாவதில் 15, மூன்றாவதில் ஒன்றுகூட இல்லை. அவருக்காக லேக்கர்ஸ் கொடுத்தது, இரண்டு முதல் ரவுண்ட் வாய்ப்புகளோடு மொத்தம் நான்கு டிராஃப்ட் வாய்ப்புகள்.

நாஷின் அறிவு எங்கேயும் போகவில்லை. அதைக் களத்துக்குத் தூக்கிக்கொண்டு வர உடம்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஊர் 'அப்பாக்கள் படை'

'என்.பி.ஏ. எல்லாம் எங்கேயோ இருக்கு பாஸ்' என்கிறவர்களுக்கு, இந்தக் கதை நம் கண் முன்னாடியே நடந்திருக்கிறது. மஞ்சள் ஜெர்சியில்!

இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு 2018-ல் திரும்பி வந்த சென்னை சூப்பர் கிங்ஸ், சேர்த்த ஆட்களைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். தோனிக்கு 36, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாஹிருக்கு 38. 'டாட்ஸ் ஆர்மி' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

2018 மே 27, வான்கடே ஸ்டேடியம், ஹைதராபாத்துக்கு எதிரான ஃபைனல். இலக்கு 179. வாட்சன் சந்தித்த முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. டிவி முன்னாடி உட்கார்ந்து எத்தனை பேர் திட்டியிருப்போம்! இருபது வயதுப் பையனாக இருந்தால் அந்த அழுத்தத்தில் ஏழாவது பந்தில் கண்ணை மூடிக்கொண்டு சுற்றியிருப்பான். வாட்சன் காத்திருந்தார். முடிவில் 57 பந்தில் 117 நாட் அவுட். சென்னைக்குக் கோப்பை. அவரை ஏலத்தில் எடுத்த விலை 4 கோடி ரூபாய்.

ஆனால், இதே ஃபார்முலா 2020-ல் கவிழ்ந்தது. இரண்டு வயது கூடிய அணி ஏழாம் இடத்துக்குப் போய், முதல் முறையாக பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. 2025-ல் இன்னும் வலித்தது. 38 வயது ரவிச்சந்திரன் அஷ்வினை 9.75 கோடிக்குத் திரும்பக் கூட்டி வந்தார்கள். சேப்பாக்கத்தில் வளர்ந்தவர், டெஸ்ட்டில் 537 விக்கெட் எடுத்தவர். அந்த சீசனில் 9 ஆட்டம், 7 விக்கெட். அணி கடைசி இடம். ஆகஸ்ட்டில் ஐ.பி.எல்-லிருந்தே ஓய்வை அறிவித்தார் அஷ்வின்.

அஷ்வின் திடீரென்று பௌலிங்கை மறந்துவிடவில்லை. சுற்றிலும் ஓடுகிற, அடிக்கிற இளம் அணி ஒன்று அப்போது அவருக்கு இல்லை. ஃபீனிக்ஸில் கிறிஸ் பாலுக்கு ஒரு புக்கர் இருந்தார். மூத்தவரின் அறிவை ஓட்டமாக மாற்றுவதற்கு இளம் கால்கள் வேண்டும். அது இல்லாத டீமில் எவ்வளவு பெரிய மூளையும் டக்-அவுட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இந்தியக் கூடைப்பந்தில் இது எப்படி?

குன்னத்தூரிலிருந்து பெரிய அளவிலான கூடைப்பந்து பார்க்க வேண்டுமென்றால் கோவைக்குத்தான் பஸ் ஏற வேண்டும். அங்கே நடக்கும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பைப் போட்டிக்கு வருகிற அணிகளின் பெயர்களைக் கவனித்தால் ஒரு விஷயம் புரியும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியக் கடற்படை, விமானப்படை, கேரள மின்சார வாரியம்... எல்லாமே வேலை கொடுக்கிற நிறுவனங்கள்.

இங்கே மூத்த வீரரை யாரும் காசு கொடுத்து 'டிரேட்' செய்வதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்கிறவர், அந்த நிறுவனத்தின் அணியிலேயே வளர்கிறார், அங்கேயே மூத்தவராகிறார். சிலர் பிறகு பயிற்சியாளராகவும் ஆகிறார்கள். கோடிகள் கிடையாது, ஆனால் மாதச் சம்பளம் நிற்காது.

இந்த அமைப்பிலிருந்து வந்தவர்தான் சென்னையைச் சேர்ந்த, தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை. 19 வயதில் இந்தியப் பெண்கள் அணிக்கு கேப்டன் ஆனவர். குழந்தை பிறந்த பிறகு திரும்பி வந்து, 2017-ல் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பையில் 32 வயதில் ஆடினார். 'பி' பிரிவு ஃபைனலில் கஜகஸ்தானை 75-73 என்று வீழ்த்திய இந்தியா, மேல் பிரிவுக்கு முன்னேறியது. 2021-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இரண்டே புள்ளி வித்தியாசத்தில் முடிகிற ஃபைனலில், இதற்கு முன்னாடி இப்படி எத்தனையோ ஆட்டங்களைப் பார்த்த ஒருவர் கூட இருப்பதன் மதிப்பு என்ன? அதற்கு எந்த ஏலத்திலும் விலை போட்டதில்லை.

எடுக்குறதுக்கு முன்னாடி 4 கேள்விகள்

இந்தக் கதைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், மூத்த வீரரை எடுப்பதற்கு முன்னாடி ஒரு அணி கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

*1. அவர் எதை வைத்துப் பிழைக்கிறார்?* காலை நம்பியா, கண்ணையும் கையையும் நம்பியா? கண்ணையும் கையையும் நம்புகிறவர் இன்னும் சில வருஷம் ஓடுவார்.

*2. கூட ஓட ஆள் இருக்கிறதா?* இளம் வீரர்கள் நிறைந்த அணிக்கு மூத்தவர் வரம். எல்லோருமே மூத்தவர்களாக இருந்தால், எல்லோரும் கை காட்டுவார்கள், ஓட ஆள் இருக்காது.

*3. அவர் மாறத் தயாரா?* ஜேசன் கிட் புது ஷாட் பழகினார். 'நான் அப்போ எப்படி ஆடினேன் தெரியுமா' என்கிறவரை எடுத்தால் கஷ்டம்.

*4. அணி கேட்கத் தயாரா?* இதுதான் அதிகம் மறக்கப்படுகிற கேள்வி. மூத்தவரின் முக்கியமான சரக்கே அவருடைய வாய்தான். தப்பைத் தப்பு என்று சொல்வார். அது பிடிக்காத இடத்தில் அவரை உட்கார வைத்துப் பிரயோஜனம் இல்லை.

அதே ஆள், வேற ரிசல்ட்

அந்த நான்காவது கேள்விக்கு உதாரணம் தேடி வேறு எங்கேயும் போக வேண்டாம். கிறிஸ் பாலின் கடைசி இரண்டு அணிகளே போதும்.

2024-ல், 39 வயதில், சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை ஒரு வருஷத்துக்கு எடுத்தது. அங்கே 20 வயது விக்டர் வெம்பன்யாமாவும், புதிதாக வந்த ஸ்டெஃபான் கேஸிலும் இருந்தார்கள். கிறிஸ் பால் அந்த சீசனின் 82 ஆட்டங்களிலும் முதல் ஐவரில் ஒருவராக இறங்கினார். 20-வது சீசனில் அதைச் செய்தவர் அதுவரை யாருமில்லை. 22 வெற்றியிலிருந்து 34 வெற்றிக்கு வந்தது அணி. கேஸில் சிறந்த அறிமுக வீரர் விருது வாங்கினார்.

2025-ல் கிளிப்பர்ஸுக்குத் திரும்பினார். ஒரு காலத்தில் அவர் தூக்கி நிறுத்திய அணி. இந்த முறை சம்பளம் குறைந்தபட்ச ஊதியமான 36 லட்சம் டாலர். சுற்றிலும் பெரும்பாலும் முப்பதைத் தாண்டிய நட்சத்திரங்கள். அணி தோற்றுக்கொண்டே போனது. டிசம்பர் தொடக்கத்தில், சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே அணி நிர்வாகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. எல்லோரையும் தட்டிக் கேட்கும் அவருடைய பாணி அங்கே ஒத்துவரவில்லை என்று செய்திகள் வந்தன.

ஃபீனிக்ஸில் 'தலைமைப் பண்பு' என்று கொண்டாடப்பட்ட அதே குரல்தான். கேட்கிற காது மாறியதும் அதுவே தொல்லையாகிவிட்டது.

இங்கே என்.பி.ஏ.வின் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். அந்த லீகில் அனுபவம் கூடக் கூட, குறைந்தபட்ச சம்பளமும் கூடும். அப்படியென்றால் அணிகள் என்ன செய்யும்? விலை குறைவு என்று சின்னப் பசங்களையே எடுக்கும். அதைத் தடுக்க, மூத்த வீரரை ஒரு வருஷக் குறைந்தபட்ச ஒப்பந்தத்தில் எடுத்தால் சம்பளத்தின் ஒரு பகுதியை லீகே கொடுத்துவிடுகிறது. அனுபவம் இருக்கிறது என்ற காரணத்தாலேயே ஒருவருக்கு வேலை போய்விடக் கூடாது என்பதுதான் அந்த விதியின் அர்த்தம்.

நம்ம பக்கம் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவர்களுக்கு அப்படி ஒரு விதி கிடையாது. எத்தனை பீஸோ, அவ்வளவு காசு. நாற்பத்தைந்தில் கண் மங்கி, கை கொஞ்சம் மெதுவானால் வாரச் சம்பளமும் மெதுவாகும். பக்கத்து மெஷினில் புதிதாக வந்த பெண்ணுக்கு நூல் ஏன் அறுகிறது என்று அவர் எழுந்துபோய்ச் சொல்லிக் கொடுத்த பத்து நிமிஷம், அவர் கணக்கில் நஷ்டம்தான். கம்பெனி கணக்கில் அது லாபம். ஆனால், எந்த நோட்டிலும் அது ஏறாது.

கூடைப்பந்தில் அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பெயர் வைத்து, எண்ணி, சம்பளமும் கொடுக்கிறார்கள். அசிஸ்ட்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீம் பிரிக்கும்போது, 'அந்தண்ணன் ஓடவே மாட்டாப்ல' என்று யாராவது சொன்னால், ஸ்கோர் நோட்டில் ஒரு காலம் கூடப் போட்டுப் பாருங்கள். அவர் எத்தனை பாயின்ட் எடுத்தார் என்பது இருக்கட்டும். அவர் கை காட்டிய இடத்துக்கு ஓடி, நீங்கள் எத்தனை எடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். அடுத்த வாரம் அவரை யார் எடுப்பது என்றுதான் சண்டை வரும்!